பெருகிய மீன், சிறுத்த மீன்: சுங்கை சிப்புட் தோட்டக் குளம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நவம்பர் மாதம். மூன்று நாளாக வெயில் முகம் காட்டவில்லை. நாலாவது நாள் மாலை மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் விடிகாலை ஐந்தரை மணிக்குக் குளத்துப் பக்கம் போன பெரியப்பா, போன வேகத்தில் திரும்பி வந்து கதவைத் தட்டினார்.

"தம்பி, மீனெல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு மேலயே நிக்குது. பெருசு பெருசா செத்து மெதக்குதுடா."

அன்று பொழுது விடிந்ததும் கரையில் அள்ளிப் போட்டு எண்ணினோம். 214 மீன்கள். முக்கால் கிலோவுக்கு மேல் போன திலாப்பியா எல்லாம் அந்தக் கும்பலில்தான் கிடந்தது. உயிரோடு மிஞ்சியவை விரல் நீளத்திலிருந்து உள்ளங்கை அளவு வரை உள்ள பொடிமீன்கள். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெயில் ஏறியதும் வழக்கம்போல ரொட்டித் துண்டுக்கு மொய்த்தன.

அன்றோடு எங்களிடம் இரண்டு குறைகள் சேர்ந்தன. ஒன்று, ஒரு வருடமாக மீன் பெருசாகவே இல்லை. இன்னொன்று, இப்போது செத்தும் விட்டது. இரண்டையும் வெவ்வேறு என்றே நினைத்து வெவ்வேறு வைத்தியம் தேடினோம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்று புரிய எங்களுக்கு நாலு மாதம் பிடித்தது. அந்த நாலு மாதத்தையும் அதற்குப் பிறகு செய்தவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். தோட்டப்புறங்களில் இப்படிக் குட்டை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவும்.

குளமும் அதன் சொந்தக்காரர்களும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தோட்டத் துண்டாடல் கதை தெரிந்திருக்கும். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் கித்தா (ரப்பர்) தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, பல குடும்பங்கள் லயத்து வீடுகளை விட்டே வெளியேற வேண்டி வந்தது. இந்த ஊர்த் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தச் சூழலில்தான். எங்கள் தாத்தாவும் அவர் கூட்டாளிகள் நாலு பேரும் தனியாகக் காசு சேர்த்துச் சின்னதாக ஒரு துண்டு நிலம் வாங்கினார்கள். கித்தா நாற்றுமேடைக்குத் தண்ணீர் எடுக்க வெட்டிய பள்ளம் அதற்குள் இருந்தது. கித்தா போய்ச் செம்பனை வந்த பிறகும் பள்ளம் மட்டும் அப்படியே கிடந்தது.

அதுதான் இந்தக் குளம். ஏறக்குறைய 60 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம். கரையோரம் ஒரு மீட்டர் ஆழம், நடுவில் இரண்டரை மீட்டர். மழைநீரும் ஒரு சின்ன ஊற்றும்தான் வரத்து. நிறைந்தால் ஒரு வாய்க்கால் வழியாக வெளியேறி, கடைசியில் சுங்கை பிளஸ் ஆற்றில் போய்ச் சேரும்.

ஐந்து குடும்பமும் சேர்ந்து ஆயிரம் சிவப்புத் திலாப்பியாக் குஞ்சுகள் வாங்கி விட்டோம். வியாபாரத்துக்கு இல்லை. கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் தீபாவளிக்கு வந்தால், பேரப்பிள்ளைகள் தூண்டில் போட ஒரு இடம் வேண்டும். அவ்வளவுதான் ஆசை. முதல் வருடம் அந்த ஆசை அப்படியே நிறைவேறியது. ஏழு மாதத்தில் ஒவ்வொன்றும் 300 கிராம் தொட்டது. தக்கை அமுங்கினால் கம்பு வளையும்.

இரண்டாம் வருடம் தக்கை இன்னும் வேகமாக அமுங்கியது, ஆனால் தூக்கினால் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளமான மீன். ஒரு மணி நேரத்தில் ஐம்பது பிடிக்கலாம். சட்டிக்குத் தேறுவது ஐந்துகூட இருக்காது. "தீனி பத்தல" என்று ஒருவர் சொன்னார். ஒரு நாளைக்கு 3 கிலோ போட்ட தீனியை 6 கிலோ ஆக்கினோம். "வித்து சரியில்ல, வேற குஞ்சு விடணும்" என்றார் இன்னொருவர். மேலும் 500 விட்டோம். இந்த இரண்டு முடிவுக்கும் நானும் கை தூக்கியவன்.

விஷம் என்ற சந்தேகம்

மீன் செத்த அன்று எல்லோர் வாயிலும் வந்த முதல் சொல் 'மருந்து'. இரண்டு வாரத்துக்கு முன் பக்கத்துத் தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடித்திருந்தார்கள். மழைத் தண்ணீரில் அது வழிந்து வந்திருக்கும் என்று பேச்சு. போலீஸுக்குப் போகலாம் என்று சிலர் கிளம்பிவிட்டார்கள். எனக்கும் அந்தக் கோபம் இருந்தது. ஆனால் கரையைச் சுற்றி நடந்தபோது கண்ட சில விஷயங்கள் அந்தக் கதைக்குப் பொருந்தவில்லை.

தண்ணீர்மேல் ஓடும் பூச்சிகள் ஓடிக்கொண்டிருந்தன. கல்லில் ஒட்டியிருந்த நத்தைகள் உயிரோடு இருந்தன. விஷம் கலந்தால் பூச்சியும் பொடிமீனும்தான் பெரும்பாலும் முதலில் போகும். இங்கே நேர்மாறாகப் பெரிய மீன்தான் போயிருந்தது. செத்த மீன்களின் வாய் அகலத் திறந்திருந்தது, செவுள் மூடி விரிந்திருந்தது. சாவு நடந்தது இரவில். விடிகாலையில் உயிரோடிருந்தவை எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் தூக்கி நின்றன. வெயில் ஏறியதும் தெளிந்தன. இது மூச்சுத் திணறலின் அடையாளம்.

மீன் பண்ணை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் ஆக்சிஜன் அளக்கும் கருவியை இரவல் வாங்கி, ஒரு வாரம் கழித்து அளந்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தண்ணீரில் லிட்டருக்கு 12.5 மில்லிகிராம். விடிகாலை ஆறு மணிக்கு அதே இடத்தில் 1.2. பிற்பகலிலேயே அடியில், இரண்டு மீட்டர் ஆழத்தில், 0.6தான். 30 பாகை வெப்பத்தில் தண்ணீர் காற்றிலிருந்து பிடித்துவைக்கக்கூடிய ஆக்சிஜன் சுமார் 7.5 மில்லிகிராம். பகலில் அதைத் தாண்டி 12.5 என்றால், மிச்சமெல்லாம் பாசி வெயிலில் உண்டாக்கியது. ராத்திரியில் அதே பாசி மூச்சு விட்டுத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பிஸ்கட் டின் மூடிக்குக் கறுப்பும் வெள்ளையும் அடித்து, கயிறு கட்டி இறக்கினேன். 18 சென்டிமீட்டரிலேயே கண்ணுக்கு மறைந்துவிட்டது. பசுமை நல்லதுதான், ஆனால் 30 முதல் 45 சென்டிமீட்டர் வரை மூடி தெரிய வேண்டும்.

சரி, இனி நடந்ததைக் கோத்துப் பார்க்கலாம். தினமும் 6 கிலோ தீனி. மீன் தின்றது போக மீதி அழுகியது, தின்றதும் கழிவாகித் தண்ணீரில்தான் சேர்ந்தது. அதை உரமாகக்கொண்டு பாசி கொழுத்தது. மூன்று நாள் மப்பில் பாசிக்கு வெளிச்சம் இல்லை, அதனால் பகலிலும் ஆக்சிஜன் ஏறவில்லை. நாலாம் நாள் குளிர்ந்த மழைநீர் மேலே விழுந்து கீழே இறங்க, மூச்சில்லாத அடித்தண்ணீர் மேலே கலந்தது. இத்தனைக்கும் திலாப்பியா குறைந்த ஆக்சிஜனில் தாக்குப்பிடிக்கிற மீன். மேல்தண்ணீர்த் தோலை ஒட்டி வாயை வைத்து உறிஞ்சி உயிர் வாழத் தெரியும். பொடிசுகள் அப்படித் தப்பித்தன. பெரிய உடம்புக்கு அது போதவில்லை.

பனிக்கட்டிக்கு அடியில் இதே கணக்கு

இங்கே என் தங்கை வீட்டுக்காரரைச் சொல்லியாக வேண்டும். மச்சான் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வேலை பார்க்கிறார். ஜனவரியில் ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டு, தான் உறைந்த குளத்தின்மேல் நின்று மீன் பிடிப்பதைக் காட்டினார். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் மீன் விட்டு வளர்க்கும் சொந்தக் குளம். கால் மீட்டர் தடிமனுக்குப் பனிக்கட்டி. கைத்துரப்பணத்தால் சாண் அகலத்துக்குத் துளை போட்டு, முழங்கை நீளமே உள்ள கம்பில் நரம்பு மாதிரி நூல், அதன் நுனியில் அரிசி அளவுக்கு ஒரு ஈயத் தூண்டில், அதில் ஒரு புழு. கீழே இறக்கினால் கொத்துகிறதா என்று தெரியாத அளவுக்கு மெதுவாகக் கொத்தும். குளிரில் மீனுக்கு உடம்பு மந்தம்.

அங்கே பிடிப்பது புளூகில் என்ற தட்டை மீன். இந்த மாதிரிச் சின்ன மீன்களுக்கெல்லாம் அவர்கள் பொதுவாக 'பான்ஃபிஷ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வறுக்கிற சட்டியில் முழுசாக அடங்கும் மீன் என்று பொருள். கேட்டதும் எனக்கு நம்ம ஊர்ப் புயுவும் செப்பாட்டும் ஞாபகம் வந்தன.

மச்சான் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். உள்ளங்கையைவிடச் சிறியது. மெலிந்த உடம்பு, தலைக்குப் பொருந்தாத பெரிய கண். பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. எங்கள் குளத்து மீனும் அச்சு அசல் அப்படித்தான் இருந்தது.

"மச்சான், இது குஞ்சு இல்ல," என்றார் அவர். "வயசான மீன்தான். வளராம நின்னுபோச்சு. இந்தப் பெரியவரோட அப்பா காலத்துல இதைத் திங்கிற பெரிய பாஸ் மீனை எல்லாம் பிடிச்சுத் தின்னுட்டாங்களாம். திங்கிறதுக்கு ஆள் இல்லாம இது பெருகிடுச்சு. இப்ப அவர் என்ன சொல்றாருன்னா, 15 சென்டிமீட்டருக்குக் கீழ வந்தா ஒண்ணையும் திருப்பி விடாத, வாளியில போடு. பெருசு வந்தா விட்டுடுன்னு."

"பெருசை விடுறதா? தலைகீழா இருக்கே?"

"நானும் அப்படித்தான் கேட்டேன்."

இதற்குப் பின்னால் பழைய ஆராய்ச்சி இருக்கிறது. அலபாமாவில் ஹோமர் ஸ்விங்கிள் என்பவர் 1930களிலிருந்து பண்ணைக் குளங்களில் மீன் விட்டு, பிறகு தண்ணீரை வடித்து எண்ணி எடை போட்டு, 1950இல் 'சமநிலை' என்ற கருத்தை எழுதினார். ஒரு குளம் தாங்கக்கூடிய மீன் எடைக்கு ஓர் உச்சம் உண்டு. அந்த எடை ஆயிரக்கணக்கான வாய்களுக்குப் பங்காகிறதா, சில நூறு வாய்களுக்கா என்பதுதான் மீனின் அளவைத் தீர்மானிக்கும். பிற்பாடு வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. குளத்தில் பெரிய ஆண் புளூகில்கள் இருக்கும்வரை சிறிய ஆண்கள் பருவமடைவதைத் தள்ளிப்போட்டு உடம்பை வளர்க்கும். பெரியதையெல்லாம் பிடித்துவிட்டால் சிறிசுகள் சீக்கிரமே பருவமடைந்து, வளர்ச்சியை விட்டு இனப்பெருக்கத்தில் இறங்கிவிடும்.

மச்சான் இன்னொன்றும் சொன்னார். அந்தக் குளத்தின்மேல் பனி தடிமனாக விழுந்தால் பண்ணைக்காரர் பட்டை பட்டையாகத் தள்ளிவிட்டு வெளிச்சத்துக்கு வழி விடுவாராம். வெளிச்சம் இல்லாவிட்டால் கீழே உள்ள பாசியும் செடியும் ஆக்சிஜன் தராது, அழுகும் இலைதழை இருப்பதையும் தின்றுவிடும், மார்ச்சில் பனி உருகும்போது செத்த மீன் மிதக்கும். எங்களுக்கு மூன்று நாள் மேகம் என்ன செய்ததோ, அதையே அவர்களுக்கு மூன்று மாதப் பனி செய்கிறது. அவர்களுக்கு ஒரு வரம் உண்டு. 4 பாகைத் தண்ணீர் 13 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், மீனும் குறைவாகவே மூச்சு விடும். நம் வெப்பத்தில் தண்ணீர் பிடிப்பதும் குறைவு, மீன் கேட்பதும் அதிகம். அங்கே மாதக்கணக்கில் நடப்பது இங்கே ஒரே ராத்திரியில் முடிந்துவிடுகிறது.

எண்ணிப் பார்த்தது

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் ஊகத்தை நிறுத்தி எண்ண ஆரம்பித்தோம். இழுவலையில் பிடித்த 150 மீன்களின் இடது வயிற்றுத் துடுப்பு நுனியைக் கத்தரியால் லேசாக நறுக்கித் திரும்ப விட்டோம். ஒரு வாரம் கழித்து 200 பிடித்தோம். அதில் நறுக்கியவை 12. 150ஐ 200ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 2,500. சாவுக்குப் பிறகும், வலைக்கண்ணில் தப்பும் குஞ்சுகளைக் கணக்கில் சேர்க்காமலே, அத்தனை மீன். சராசரி எடை 45 கிராம். மொத்தம் 112 கிலோ சொச்சம். அதே எடை 400 மீனாக இருந்திருந்தால் ஒவ்வொன்றும் 280 கிராம் தேறியிருக்கும்.

இன்னும் உறுதியான சாட்சி மீனின் வாய்க்குள்ளேயே இருந்தது. திலாப்பியாப் பெண் முட்டையை வாயில் வைத்து அடைகாக்கும். 13 சென்டிமீட்டர் மீன் ஒன்றின் வாயைத் திறந்தபோது உள்ளே மஞ்சள் முத்துகள் மாதிரி முட்டைகள். குஞ்சு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது தாய் மீன். நெருக்கடியான குளத்தில் இந்த மீன் மூன்று மாதத்துக்குள்ளேயே பருவமடைந்து, நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை முட்டையிடும். பெரியம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பாவம், இதுவே புள்ள, இதுக்குப் புள்ளையா" என்றார். குஞ்சு வாங்கும்போது ஆண் பெண் என்று யாரும் எங்களிடம் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மொத்த விஷயமும் அங்கேதான் தொடங்கியிருக்கிறது.

நவம்பர் சாவு இந்தச் சிக்கலை இன்னும் இறுக்கியது. பெரியதைக் கொன்று, முட்டையிடும் பொடிசுகளை மிச்சம் வைத்தது. ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் அடுத்த மழைக்காலத்துக்கு இதைவிடச் சிறிய மீன்கள் இதைவிட அதிகமாக நின்றிருக்கும். தீனியைக் கூட்டியதும் புதுக்குஞ்சு விட்டதும் எரிகிற அடுப்பில் விறகு வைத்த வேலை.

செய்தது

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் குளத்தில் வலை இழுத்தோம். மொத்தம் 1,900 மீன்கள், 84 கிலோ, வெளியே எடுத்தோம். மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி முழுசாகப் பொரித்துத் தின்றோம். பழைய லய ஆட்கள் வீடுகளுக்கெல்லாம் கொடுத்தோம். மிச்சத்தை உப்பில் போட்டுக் கருவாடாக்கினோம். செவுளும் குடலும் வெல்லத்தோடு ஊறி வாழைக்கு உரமானது.

வலையில் வந்தவற்றில் ஆண்களை மட்டும் பிரித்துத் திரும்ப விட்டோம். ஆண் திலாப்பியா பெண்ணைவிட வேகமாக வளரும், தனியாக இருந்தால் பெருக்கமும் இல்லை. பிரிப்பதற்குப் பொறுமை வேண்டும். மீனை மல்லாத்திப் பிடித்து, வயிற்றுக்கடியில் வால் பக்கம் உள்ள சின்ன மொட்டில் பேனா மையைத் தொட்டு வைத்தால் துளைகள் தெளிவாகத் தெரியும். ஆசனவாயையும் சேர்த்து ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு மூன்று. ஆண்கள் நாங்கள் பத்து மீன் பார்ப்பதற்குள், அந்தக் காலத்தில் கித்தா மரத்தில் பால் வெட்டிய கைகள், பெரியம்மாவும் அத்தையும், முப்பது பார்த்துவிட்டார்கள். பட்டையில் நூலிழை ஆழம் பார்த்து வெட்டிப் பழகிய கண். 350 ஆண் மீன்கள் குளத்துக்குத் திரும்பின. வலைக்கு அகப்படாமல் சேற்றில் பதுங்கியவை ஒரு 250 இருக்கும்.

அப்புறம் வேட்டை மீன். இளைஞர்கள் பீக்காக் பாஸ் என்ற வெளிநாட்டு மீனை விடலாம் என்றார்கள். தூண்டிலுக்கு அருமையான மீன்தான். நான் விடாப்பிடியாக மறுத்தேன். எங்கள் வாய்க்கால் சுங்கை பிளஸில் சேர்கிறது, பிளஸ் பேராக் ஆற்றில் சேர்கிறது. ஒரு குட்டையின் கோளாறைத் தீர்க்க ஓர் ஆற்றுக்கே கேடு செய்யக் கூடாது. நம் மண்ணின் மீனான விரால், ஊர்ச்சொல்லில் ஹாருவான், 40 விட்டோம். 15 சென்டிமீட்டர் அளவில் வாங்கியதற்குக் காரணம் உண்டு. பெரிய திலாப்பியாவைத் தொடாது, குஞ்சுகளை மட்டும் பொறுக்கித் தின்னும். மழை ராத்திரியில் நாலைந்து ஊர்ந்து வெளியேறிவிட்டன. இன்னும் சிலவற்றை, அறுவை சிகிச்சை ஆனவர்களுக்குச் சூப் வைக்க என்று கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. புண் ஆற ஹாருவான் கொடுப்பது இந்த நாட்டில் எல்லா இனத்தாரிடமும் உள்ள வழக்கம்.

தீனியை ஒரு மாதம் அடியோடு நிறுத்தி, பிறகு நாளுக்கு ஒரு கிலோவில் தொடங்கினோம். பழைய தண்ணீர்ப் பம்பு ஒன்றைக் கரையில் வைத்து, ராத்திரி இரண்டு மணியிலிருந்து விடியும்வரை தண்ணீரைத் தூக்கித் தெளிக்க விட்டோம்.

கடைசியாகத் தூண்டில் சட்டம். சாண் நீளத்துக்குக் கீழ் வந்தால் திருப்பி விடக் கூடாது. பெரியது வந்தால் வாரத்துக்குக் குடும்பத்துக்கு ஒன்றுதான். இதில்தான் பெரியப்பாவோடு உண்மையான சண்டை. "பெரிய மீனைத் திருப்பி விடுறதுக்கா தூண்டில் போடுறோம்? சின்னதைக் கொல்றது பாவம்டா" என்றார். அவர் வளர்ந்த ஆற்றில் அது சரியான அறம். வெளியிலிருந்து மீன் ஏறிவரும், இறங்கிப்போகும் ஆற்றில் குஞ்சை விட்டால்தான் நாளைக்கு மீன் இருக்கும். நாலு பக்கமும் அடைத்த குட்டையில் கணக்கு மாறிவிடுகிறது. இதை வாயால் சொல்லி அவரை ஒப்புக்கொள்ள வைக்க முடியவில்லை.

அதன் பிறகு

நாலாம் மாதம் கரையோரம் குஞ்சுக் கூட்டம் தெரிந்தது. வலைக்குத் தப்பிய பெண்கள் இருந்திருக்கின்றன. மறுபடி அதேதானா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இரண்டு வாரத்தில் கூட்டம் பாதியாகக் குறைந்தது, தண்ணீரில் ஹாருவான் அடிக்கும் சத்தம் ராத்திரியில் கேட்டது. ஏழாம் மாதச் சராசரி 140 கிராம். பதினோராம் மாதம் 60 மீன் பிடித்து எடை போட்டதில் 236 கிராம். டின் மூடி 34 சென்டிமீட்டர் வரை தெரிந்தது. குறைத்தல், ஆண் பிரித்தல், ஹாருவான், தீனிக் குறைப்பு எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்ததால் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல வழி இல்லாமல் போனது. ஒன்றை மட்டும் செய்ய முடிகிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் எண்ணிக்கையைக் குறையுங்கள். மற்றவை அதற்குப் பிறகுதான் வேலை செய்யும்.

இதற்கிடையில் அடுத்த நவம்பரும் வந்தது. இரண்டு நாள் மப்பு, மூன்றாம் நாள் இரவு நல்ல மழை. நான் தூங்கவில்லை. அஞ்சு மணிக்கு டார்ச் லைட்டோடு போனால் பெரியப்பா எனக்கு முன்னாலேயே கரையில் குந்தியிருந்தார். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. கருவியை இறக்கினேன். 3.6. தண்ணீர்மேல் ஒரு வாய்கூட இல்லை.

பெரியப்பா கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தூண்டிலை எடுத்துப் புழுவைக் கோத்துப் போட்டார். விடிந்து வரும்போது அரைக்கிலோ தேறும் மீன் ஒன்று மாட்டியது. முள்ளைக் கழற்றி, இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீருக்குள் வைத்து, அது தானாக வாலடித்துப் போகும்வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.